சேலை சேர்கிறது, ஜாக்கெட் ஏன் சேரவில்லை?

மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பார்வேட்டைக்காகப் பழையசீவரம் மலைக்குப் புறப்படுவார். வழியில்தான் வாலாஜாபாத். அன்று இந்தப் பக்கத்து வீடுகளில் பீரோவுக்குள் மடித்து வைத்த பட்டெல்லாம் வெளியே வரும். கைக்குழந்தைக்காரிகளும் முகூர்த்தப் பட்டை எடுப்பார்கள். சேலை மறுபேச்சில்லாமல் உடம்பைச் சுற்றிக்கொள்ளும். அதற்கென்று தைத்த ஜாக்கெட்தான் மல்லுக்கு நிற்கும். கை பிடிக்கும், கொக்கிக்கும் வளையத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி நிற்கும். "பால் கட்டியிருக்கு, அதான்" என்பது முதல் சமாதானம். குழந்தை பால் மறந்த பிறகும், எடை கல்யாணத்தன்று இருந்ததற்கே இறங்கிவிட்ட பிறகும், கொக்கி முழுதாகச் சேராத பெண்கள் உண்டு. எடை அதேதான். ஜாக்கெட்டும் சுருங்கவில்லை. அப்படியானால் கூடியது எது?

எலும்புக்கூட்டின் அகலம் என்றால் பலர் நம்ப மாட்டார்கள்.

கர்ப்ப காலத்தில் விலா எலும்புகள் பக்கவாட்டில் விரிகின்றன. வளரும் குழந்தை கீழிருந்து நெட்டித் தள்ளுவதால்தான் இது என்று தோன்றும். ஆனால் கருப்பை அந்த உயரத்துக்கு வருவதற்கு முன்பே விரிவு தொடங்கிவிடுகிறது. ரிலாக்சின் முதலான ஹார்மோன்கள் எலும்பை எலும்போடு பிணைக்கும் நார்களை இளக்குகின்றன. இரண்டு உயிருக்கு மூச்சு வாங்க வேண்டிய மார்புக்கூடு இடம் தேடி அகல்கிறது. மார்பின் சுற்றளவு 5 முதல் 7 செ.மீ. வரை கூடும். நெஞ்செலும்புக்குக் கீழே இரண்டு பக்க விலாக்களும் சந்திக்கும் இடத்தில் ஒரு கோணம் இருக்கிறதல்லவா, அது சுமார் 68 டிகிரியிலிருந்து 103 டிகிரி வரை திறந்துகொள்கிறது. பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம் போல ஆய்வாளர்கள் தொடர்ந்து அளந்து பார்த்தார்கள். மூச்சின் கணக்கெல்லாம் பழைய நிலைக்கு வந்திருந்தது. அந்தக் கோணம் மட்டும் முழுக்கக் குறுகவில்லை. ஆக, அந்தப் பெண் 'ஒழுங்காக உடம்பைக் குறைக்காதவள்' என்று கொக்கி சொல்லும் குற்றச்சாட்டு பொய்.

நம் ஊர்த் தையல்காரர்கள் இந்த அளவீடுகளைப் படித்தவர்கள் அல்லர். ஆனாலும் கல்யாண ஜாக்கெட்டின் இரண்டு பக்கத் தையலுக்குள்ளும் கொஞ்சம் துணி விட்டுத்தான் தைக்கிறார்கள். "பின்னாடி பிரிச்சு விட்டுக்கலாம்மா" என்பது அவர்கள் வாய்ப்பாடு. பக்கத்து அய்யம்பேட்டைத் தறிகளில் இறங்கும் பட்டுச் சேலைக்கோ அளவு எண்ணே கிடையாது. இருபது வயதில் கட்டியதை அறுபதிலும் கட்டலாம். ஒருத்தியின் உடம்பை ஒரு நாளில் அளந்து, அந்த எண்ணை நிரந்தரமாக்குவது தைத்த துணி மட்டும்தான்.

பிள்ளை பெற்றவளைப் பச்சை உடம்புக்காரி என்போம். பத்தியச் சாப்பாடு, காதில் பஞ்சு, வெந்நீர்க் குளியல் எல்லாம் ஒரு நாற்பது நாள் நடக்கும். அதோடு உடம்பு தேறிவிட்டதாகக் கணக்கு. மருத்துவமும் பிரசவத்துக்குப் பிந்தைய காலத்தை ஆறு வாரம் என்றே வைத்திருக்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒன்று. இந்தக் கணக்கு கச்சிதமாகப் பொருந்துவது கருப்பைக்கு. பிரசவம் முடிந்த கையோடு சுமார் ஒரு கிலோ எடையுள்ள கருப்பை, ஆறு வாரத்தில் 100 கிராமுக்கும் கீழே சுருங்கிவிடுகிறது. மற்ற உறுப்புகள் இந்த நாற்பது நாளை மதிப்பதில்லை. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு கெடு வைத்திருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாததால்தான் நாற்பத்தோராம் நாளிலிருந்து ஒரு பெண் கண்ணாடி முன்னால் தன்னைத் திட்டிக்கொள்ள ஆரம்பிக்கிறாள்.

வயிற்றை எடுத்துக்கொள்வோம். முன்வயிற்றில் மேலிருந்து கீழாக இரண்டு தசைப் பட்டைகள் ஓடுகின்றன. நடுவே வெண்மையான நார்க்கோடு ஒன்று அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. குழந்தைக்கு இடம் விடுவதற்காக அந்தக் கோடு அகலமாகிறது, தசைகள் விலகுகின்றன. போர்ச்சுகலில் 84 பெண்களின் வயிற்றை அல்ட்ராசவுண்டில் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. கர்ப்பத்தின் 35ஆவது வாரத்தில் அத்தனை பேருக்கும் விலகல் இருந்தது. பிரசவமாகி ஆறு மாதம் கழித்தும் 39 சதவீதம் பேருக்கு அது மிச்சமிருந்தது. அதாவது, 'தொப்பை' என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி கொழுப்பே இல்லை. இன்னும் நெருங்கிவராத தசை. துணியால் வயிறு கட்டும் வழக்கத்தைப் பற்றிக் கேட்பீர்கள். சிசேரியன் ஆனவர்களுக்கு இருமும்போதும் எழுந்திருக்கும்போதும் அது நல்ல பிடிமானம். தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன் என்பதால் இது சின்ன விஷயமல்ல. விலகிய தசையைத் துணிக்கட்டு ஒட்டவைக்கும் என்பதற்கு மட்டும் வலுவான சான்று இல்லை. படிப்படியான உடற்பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் கேட்டுச் செய்வது மேல்.

பாதமும் மாறுகிறது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 49 பெண்களின் பாதங்களைக் கர்ப்பத் தொடக்கத்திலும் பிரசவமாகி ஐந்து மாதத்திலும் அளந்தார்கள். பாதியைத் தாண்டிய பெண்களுக்குப் பாத வளைவு தாழ்ந்து, பாதம் 2 முதல் 10 மில்லிமீட்டர் வரை நீண்டிருந்தது. பழைய செருப்பு கடித்தால் செருப்பை மாற்றுங்கள். முகத்தில் மங்கு படர்வதும், வயிற்றில் கோடு விழுவதும் எல்லாரும் அறிந்ததே. மங்கு பெரும்பாலும் மெல்ல மங்கும், வெயில் பட்டால் தாமதமாகும். கோடுகள் வெளிறும், முழுக்கப் போகாது.

பெண்களை மிகவும் பயமுறுத்துவது முடி. தலை வாரினால் சீப்பு நிறைய, குளித்தால் தரை நிறைய. "குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பிச்சா அம்மாவுக்கு முடி கொட்டும்" என்று பாட்டிமார் சொல்வார்கள். கேலி செய்ய வேண்டாம். அவர்கள் கவனித்த காலம் சரி. காரணம்தான் வேறு.

நெசவாளர் தெரு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நூறு தறிகள். ஒவ்வொன்றிலும் பாவு வெவ்வேறு நாளில் தீரும். எந்த நாள் போனாலும் எண்பத்தைந்து, தொண்ணூறு தறி ஓடிக்கொண்டிருக்கும்; பத்துப் பதினைந்து தறி அடுத்த பாவுக்காகக் காத்திருக்கும். தெருவில் நடப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. தலையில் இப்படிச் சுமார் ஒரு லட்சம் மயிர்க்கால்கள். ஒவ்வொன்றும் இரண்டிலிருந்து ஆறு வருடம் வரை முடியை வளர்க்கும், இது வளர்நிலை. பிறகு ஏறத்தாழ மூன்று மாதம் ஓய்வுநிலை. ஓய்வு முடியும்போது பழைய முடி கழன்று விழும், புது முடி கிளம்பும். நாளொன்றுக்கு ஐம்பதிலிருந்து நூறு முடி எல்லார் தலையிலிருந்தும் விழுவது இப்படித்தான். கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் பெருகுகிறது. ஓய்வுக்குப் போக வேண்டிய தறிகளையும் அது நிறுத்தாமல் ஓட்டுகிறது. வளைகாப்பு நாளில் கூந்தல் அத்தனை அடர்த்தியாக இருப்பதன் ரகசியம் இதுதான். நஞ்சுக்கொடி வெளியேறியதும் ஈஸ்ட்ரோஜன் சில நாட்களிலேயே சரிந்துவிடுகிறது. தள்ளிப்போன ஓய்வையெல்லாம் ஏராளமான தறிகள் ஒரே சமயத்தில் எடுத்துக்கொள்கின்றன. மூன்று மாத ஓய்வு முடிந்து முடி விழ ஆரம்பிக்கும்போது குழந்தைக்கு மூன்று, நான்கு மாதம். தலை நிற்பதும், வாய்விட்டுச் சிரிப்பதும் அந்த வயதில்தான். இரண்டும் ஒரே மாதத்தில் நடக்கின்றன. ஒன்று மற்றொன்றுக்குக் காரணமல்ல. தெருவில் சத்தம் அடங்கினாலும் தறிகள் அங்கேயே இருக்கின்றன.

இது எப்படித் தெரிந்தது? 1960இல் லின்ஃபீல்ட் என்ற ஆய்வாளர் கர்ப்பிணிகளின் தலையிலிருந்து சில முடிகளைப் பறித்து, வேரை நுண்ணோக்கியில் பார்த்தார். ஓய்வில் இருக்கும் முடியின் அடிமுனை சிறு குமிழ் போலத் திரண்டிருக்கும். வளரும் முடியின் வேர் அப்படி இருக்காது. எண்ணிப் பார்த்தபோது கர்ப்பத்தின் பிற்பகுதியில் வளர்நிலை முடிகள் சுமார் 95 சதவீதமாக உயர்ந்திருந்தன. பிரசவத்துக்குப் பின் சில வாரங்களில் ஓய்வுநிலை முடிகள் சட்டென்று கூடின. அடுத்த ஆண்டு தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் இவ்வகை உதிர்வுக்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் ஓய்வுநிலை உதிர்வு எனலாம். குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் பெரும்பாலோருக்கு இது தானாகச் சரியாகிவிடும். ஆறாம் மாதம் யாரோ சொல்லி வாங்கிய எண்ணெய்க்கு நல்ல பெயர் கிடைப்பது இதனால்தான். அந்த எண்ணெய் வாங்காதவளுக்கும் முடி வளர்ந்திருக்கும். ஒரு வருடம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் இரத்தச் சோகையோ தைராய்டுக் கோளாறோ இருக்கிறதா என்று பரிசோதியுங்கள். தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு இரத்தச் சோகை இருப்பதாக மேலே சொன்ன அதே கணக்கெடுப்பு காட்டுகிறது.

உடம்பு ஒருபக்கம் இருக்கட்டும். "கண்ணாடியில யாரோ மாதிரி இருக்கு" என்கிறார்களே, அதற்கு என்ன சொல்வது?

நம் உடம்பு எங்கே முடிகிறது என்பதை மூளை ஓயாமல் குறித்து வைத்துக்கொள்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் கை இழந்தவர்களை வைத்து இதை ஆராய்ந்தார். கன்னத்தைத் தொட்டால், இல்லாத கையில் தொடுவதாகச் சிலர் உணர்ந்தார்கள். உறுப்பு போன பின்னும் மூளைக்குள் அதன் வரைபடம் இருக்கிறது, அது திருத்தி எழுதவும் படுகிறது என்பது இதிலிருந்து தெரிந்தது. கர்ப்பிணிகளிடமும் இந்த வரைபடத்தைச் சோதித்திருக்கிறார்கள். பிரிட்டனில் ஃபிளாவியா கார்டினி குழுவினர், நெருங்கி வரும் ஒலி ஒன்றைக் கேட்கவைத்து, அதே நேரம் வயிற்றில் ஒரு தொடுகை கொடுத்து, பெண்கள் எவ்வளவு விரைவாக அதை உணர்கிறார்கள் என்று அளந்தார்கள். 'என்னைச் சுற்றியுள்ள இடம்' என்று மூளை கருதும் எல்லை 34ஆவது வாரத்தில் விரிந்திருந்தது. பிரசவமாகி எட்டு வாரத்தில் பழையபடி சுருங்கிவிட்டது. 2019இல் வந்த இந்த ஆய்வு சொல்வது நல்ல செய்தி: கதவில் இடித்துக்கொள்ளாமல் நடக்க உதவும் வரைபடம் வேகமாகத் திருந்திவிடுகிறது.

'நான் யார்' என்ற எண்ணம் அவ்வளவு வேகமாகத் திருந்துவதில்லை. எல்சலின் ஹூக்சமா உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஸ்பெயினில் 25 பெண்களின் மூளையை, முதல் கர்ப்பத்துக்கு முன்பும் பின்பும் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, தந்தையானவர்களையும் குழந்தை பெறாத பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். 2016இல் முடிவு வெளியானது. தாய்மார்களின் மூளையில் சில பகுதிகளில் சாம்பல்நிறப் பொருள் குறைந்திருந்தது. படத்தை மட்டும் கொடுத்தால் எந்தப் பெண் கர்ப்பம் கண்டவள் என்று கணினியே பிரித்துச் சொல்லும் அளவுக்கு மாற்றம் ஒரே மாதிரி இருந்தது. தந்தையரிடம் அது இல்லை. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோதும் மாற்றம் பெரும்பாலும் அப்படியே இருந்தது.

குறைந்தது என்றவுடன் "அதான் எல்லாம் மறந்து போவுது" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அந்தப் பெண்களுக்கு ஞாபகச் சோதனைகளும் வைத்தார்கள்; திறன் குறையவில்லை. மாற்றம் நடந்த பகுதிகள் பிறர் மனத்தைப் புரிந்துகொள்ளவும், தன்னைப் பற்றி எண்ணவும் நாம் பயன்படுத்துபவை. மாற்றம் கூடுதலாக இருந்த தாய்மார்களிடம் குழந்தையின் மீது பிணைப்பும் கூடுதலாக இருந்தது. 2019இல் சுசானா கார்மோனாவின் குழு இதே தாய்மார்களின் படங்களை வளரிளம் பெண்களின் படங்களோடு வைத்துப் பார்த்தது. இரண்டு பருவத்திலும் மூளை மாறும் விதம் வியப்பூட்டும் அளவுக்கு ஒத்திருந்தது. 2024இல் வெளியான ஆய்வில் இன்னொரு படி மேலே போனார்கள். நரம்பியல் ஆய்வாளர் எலிசபெத் கிராஸ்டில், கருத்தரிப்பதற்கு மூன்று வாரம் முன்பிருந்து பிரசவமாகி இரண்டு வருடம் வரை, தன் மூளையையே 26 முறை படம் எடுக்கக் கொடுத்தார். மாற்றம் வாரத்துக்கு வாரம் எப்படி நகர்ந்தது என்பதைப் பார்க்க முடிந்தது. இந்த ஆய்வுகளில் ஆட்கள் குறைவு என்பதை மறக்க வேண்டாம். ஆனால் தனித்தனி இடங்களில் எடுத்த படங்கள் ஒரே திசையைக் காட்டுகின்றன.

ஸ்கேன் கருவிகளெல்லாம் வருவதற்கு முன்பே, 1970களில், மானுடவியலாளர் டேனா ராஃபேல் ஒரு பெண் தாயாக மாறும் காலத்தை வளரிளம் பருவத்துக்கு ஈடான தனிப் பருவமாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, அதற்கென்று ஒரு சொல்லையும் உருவாக்கினார். தாயிளம் பருவம் என்று நாம் வைத்துக்கொள்ளலாம். பதினைந்து வயதுப் பெண்ணிடம் பத்து வயதுப் பாவாடையை நீட்டி "இது ஏன் உனக்குச் சேரலை?" என்று யாரும் கேட்பதில்லை. இருபத்தேழு வயதுத் தாயிடம் மட்டும் கேட்கிறோம்.

சரி, உடைக்கும் தன்னம்பிக்கைக்கும் நிஜமாகவே தொடர்பு உண்டா? விளம்பரக்காரர்களைக் கேட்டால் உண்டு என்றுதான் சொல்வார்கள். சோதனைகளைப் பார்ப்போம். 1998இல் பார்பரா ஃப்ரெட்ரிக்சன் குழுவினர் அமெரிக்கக் கல்லூரி மாணவிகள் சிலரைத் தனியறையில் நீச்சலுடையும், சிலரை ஸ்வெட்டரும் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அந்த உடையிலேயே ஒரு கணக்குத் தேர்வு. அறையில் வேறு யாரும் இல்லை. இருந்தும் நீச்சலுடைக்காரிகளின் மதிப்பெண் குறைந்தது. உடம்பு எப்படித் தெரிகிறது என்று தானே தன்னைக் கண்காணிக்க ஆரம்பித்தால், கவனத்தில் ஒரு பங்கு அங்கே போய்விடுகிறது. இறுக்கும் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு விசேஷத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு நடப்பதும் இதேதான் என்பேன். 2012இல் ஹாஜோ ஆடமும் ஆடம் கலின்ஸ்கியும் செய்த சோதனை இதற்கு எதிர்ப்பக்கம். ஒரே வெள்ளைக் கோட்டை 'டாக்டர் கோட்டு' என்று சொல்லிப் போடவைத்தால் கவனம் கூடியது, 'பெயிண்டர் கோட்டு' என்றால் கூடவில்லை என்றார்கள். உலகமெங்கும் பேசப்பட்ட ஆய்வு. அதன் ஒரு பகுதியை 2019இல் அதிகம் பேரை வைத்துத் திரும்பச் செய்தபோது அதே விளைவு வரவில்லை. ஆகவே 'நல்ல உடை போட்டால் தன்னம்பிக்கை வந்துவிடும்' என்று நான் எழுத மாட்டேன். தன்னையே கண்காணிக்கவைக்கும் உடை கவனத்தைத் தின்னும் என்பதற்குச் சான்று இருக்கிறது. பெண்களுக்கு இப்போது தேவையானதும் அந்த உண்மைதான்.

நைட்டியும் தோளில் ஒரு துண்டுமாக ஆறு மாதம் ஓட்டியவர்களை யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைக்குப் பால் கொடுக்க அதைவிட வசதியான உடையை நம் ஊர் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. அதிலிருந்து வெளியே வரும் நாளில் பழைய ஜாக்கெட்டை அளவுக்குக் கொடுக்காதீர்கள். உடம்பைக் காட்டிப் புதிதாக அளவெடுக்கச் சொல்லுங்கள். முன்கொக்கி வைத்து, பருத்தியில், இன்றைய உடம்புக்கு இரண்டு ஜாக்கெட் தைத்தால் போதும். பால் நிறுத்தும்போது அளவு மறுபடி மாறும் என்பதால் பட்டு ஜாக்கெட்டைப் பிரித்துத் தைக்கும் செலவை அதுவரை தள்ளிப்போடலாம். முடி விஷயத்தில் எந்தச் சிகிச்சைக்கும் பணம் கட்டுமுன் குழந்தையின் முதல் பிறந்தநாள் வரை பொறுத்துப் பாருங்கள். நிறம், நகை, பூ எல்லாம் அவரவர் விருப்பம். அதில் அறிவியலுக்கு வேலை இல்லை.

ஒன்றை மட்டும் உடை விஷயம் என்று ஒதுக்கக் கூடாது. கண்ணாடி பார்க்கப் பிடிக்கவில்லை, எதிலும் ஆசை இல்லை, குழந்தை தூங்கினாலும் தூக்கம் வரவில்லை, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். பாலாற்றங்கரையில் நமக்கு மேற்கே இருக்கும் வேலூர் மாவட்டத்துக் கிராமப்புறத்தில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 359 கர்ப்பிணிகளைச் சந்தித்து, பிரசவத்துக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடியும் பார்த்தார்கள். 2002இல் வெளியான அந்த ஆய்வின்படி 11 சதவீதம் பேருக்குப் பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு புதிதாக வந்திருந்தது. யாருக்கு அதிகம் வந்தது என்று பார்த்தபோது கிடைத்த பட்டியலில் உடம்பின் அளவு இல்லை. குறைந்த வருமானம், ஆண் பிள்ளை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிள்ளை பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உறவு சரியில்லாதது, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரங்கள், கூடமாட உதவ ஆள் இல்லாதது ஆகியவைதான் இருந்தன. இப்படி ஒருவருக்கு இருந்தால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் சொல்லலாம். அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள்.

குழந்தை பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "என்னடி இப்படி ஆயிட்டே" என்று வாசலிலேயே ஆரம்பிக்காதீர்கள். வேலூர் பட்டியலில் இருந்த காரணங்களில் ஒன்றையாவது உங்களால் அன்றைக்கே குறைக்க முடியும். குழந்தையை வாங்கி இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அவள் தலைக்குக் குளிக்கட்டும், தூங்கட்டும், இல்லையென்றால் தையல்கடை வரை போய் அளவு கொடுத்துவிட்டு வரட்டும்.